உப்பும் காரமுமாகக் காய்கறி ஓட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்ஸ் என்றாலே பால், சர்க்கரை, பழம் என்று பலருக்குப் பழகிவிட்டது. இந்தப் பக்கம் அதைப் பற்றியது இல்லை. பால், நெய், வெண்ணெய், முட்டை எதுவும் சேர்க்காமல், காய்கறியும் உப்பும் காரமுமாக, வயிறு நிறைகிற ஒரு காலை உணவாக ஓட்ஸைச் செய்வது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. ஒருமுறை செய்து பார்த்து, "பசை மாதிரி இருக்கிறது" என்று கைவிட்டவர்களிடமிருந்துதான் அதிகக் கேள்விகள் வருகின்றன. அவர்களுக்காக முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காயையும் ஓட்ஸையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாகப் பதம் வந்து, கடைசியில்தான் சேர வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

கடையில் நாலைந்து வகை ஓட்ஸ் இருக்கிறது. இதற்கு எது சரி?

ரோல்டு ஓட்ஸ். முழு ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்கியது இது. மணியை முதலில் துண்டாக்கி, அப்புறம் இன்னும் மெல்லிசாக அழுத்தினால் குயிக் ஓட்ஸ். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் அதையும் தாண்டி, ஏற்கெனவே வெந்து காய்ந்தது. வெந்நீர் ஊற்றினாலே போதும். இதழ் மெல்லிசாக ஆக ஆகச் சீக்கிரம் வேகும், அதே வேகத்தில் குழைந்தும் போகும். காய்கறியோடு சேரும்போது ஓட்ஸ் தன் உருவத்தை விடாமல் நிற்க வேண்டும் என்பதால் கனமான இதழே நல்லது.

ஸ்டீல் கட் ஓட்ஸ் என்பது மணியைத் தட்டையாக்காமல், கத்தியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டியது. பல்லில் நன்றாகக் கடிபடும். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் வேக 25 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு பங்குக்கு மூன்று முதல் நான்கு பங்கு தண்ணீர் குடிக்கும். அவசரமில்லாத காலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். குயிக் ஓட்ஸ்தான் கையில் இருக்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, இரண்டே நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

எப்படிச் செய்தாலும் கொழகொழ என்று ஆகிவிடுகிறதே, ஏன்?

ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்று ஒரு நார்ச்சத்து இருக்கிறது. தண்ணீரில் கரையும் வகை. சூடான தண்ணீரில் அது கரைந்து இறங்கும்போது தண்ணீரே கெட்டியாகி வழுவழுப்பாகிறது. அதோடு ஓட்ஸின் மாவுச்சத்தும் சேர்ந்தால் பசைதான். நாம் கரண்டியால் கிளறக் கிளற இதழ்கள் உடைந்து இன்னும் அதிகமாக வெளியே வரும்.

அதனால் கவனிக்க வேண்டியது மூன்று. ஓட்ஸை வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளுங்கள். வறுத்த இதழ் அவ்வளவு சீக்கிரம் கரையாது, மணமும் கூடும். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றினால் அந்த நேரம் முழுக்க ஓட்ஸ் ஊறிக்கொண்டே இருக்கும். ஊற்றிய பிறகு ஒருமுறை புரட்டிவிட்டு, மூடிவைத்துக் கையை எடுத்துவிடுங்கள்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: காய் விடுகிற தண்ணீர். தக்காளி, காளான், கீரை, முட்டைகோஸ் எல்லாமே பெரும்பாலும் தண்ணீர்தான். ஓட்ஸுக்கு அளந்து ஊற்றிய தண்ணீரோடு இவையும் தங்கள் பங்கைச் சேர்த்தால், அளவு சரியாக இருந்தும் பதம் தவறும். காயை முதலில் வதக்கி அந்த ஈரத்தை வற்றவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சிலர் ஓட்ஸை அரிசி மாதிரி கழுவிவிட்டுச் சமைக்கிறார்கள். கொழகொழப்பு குறையும், உண்மைதான். ஆனால் வறுத்தாலே அந்த வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பீட்டா குளுக்கனுக்காகத்தான் ஓட்ஸ் சாப்பிடச் சொல்கிறார்கள், அதை ஏன் கழுவி ஊற்ற வேண்டும்?

சரி, ஒரு ஆளுக்கு அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

ரோல்டு ஓட்ஸ் அரை கப், அதாவது சுமார் 40 கிராம். பொடியாக நறுக்கிய காய் ஒன்றிலிருந்து ஒன்றரை கப். பார்ப்பதற்கு ஓட்ஸைவிடக் காய்தான் அதிகமாகத் தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும். எண்ணெய் இரண்டு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பூண்டு இரண்டு பல், சின்னத் துண்டு இஞ்சி, மிளகுத்தூள், கடைசியில் பிழிய எலுமிச்சை.

அகலமான வாணலி எடுங்கள். குழிவான சின்னப் பாத்திரத்தில் ஆவி வெளியேறாமல் காய் வதங்குவதற்குப் பதில் வெந்துவிடும். முதலில் எண்ணெய் இல்லாமல் ஓட்ஸை மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுங்கள். நிறம் பெரிதாக மாறாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும்: பச்சை மாவு வாசனை போய், கொட்டைப் பருப்பு வறுபடும் மணம் வரும். அப்போது தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும்.

அதே வாணலியில் எண்ணெய் விட்டு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, அப்புறம் காய்கள். தீ நடுத்தரத்துக்குச் சற்று மேலேயே இருக்கட்டும். ஓரங்கள் அங்கங்கே பொன்னிறமாகி, வாணலியின் அடியில் ஈரம் இல்லாமல் போனதும் காயைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, வறுத்த ஓட்ஸைப் போட்டு, உப்பு கலந்த கொதிநீரை ஊற்றுங்கள்.

தண்ணீர் அளவு உங்களுக்கு எந்தப் பதம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. உதிரியாக வேண்டுமா, 120 முதல் 150 மில்லி. கரண்டியில் எடுத்தால் குழைவாக விழ வேண்டுமா, 240 மில்லி. கஞ்சியாகக் குடிக்க 360 மில்லி. தீயைக் குறைத்து மூடிவைத்தால் உதிரிப் பதத்துக்கு மூன்று நிமிடம், மற்றதற்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். அடுப்பை அணைத்து, காயைச் சேர்த்துப் புரட்டி, இரண்டு நிமிடம் மூடியே இருக்கட்டும். இந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். மேலே நிற்கும் ஈரத்தை ஓட்ஸ் இழுத்துக்கொள்வது அப்போதுதான். பிறகு எலுமிச்சை, மிளகு, கைப்பிடி மல்லித்தழை.

எந்தக் காய்கள் நன்றாகப் பொருந்தும்? எந்த வரிசையில் போடுவது?

எது வேகத் தாமதமாகுமோ அது முதலில். கேரட், பீன்ஸ், ப்ரோக்கோலித் தண்டு முதலில் போக வேண்டும். குடைமிளகாய், முட்டைகோஸ், ப்ரோக்கோலிப் பூ, பட்டாணி அடுத்தது. தக்காளி அதற்குப் பிறகு. பசலைக்கீரை அடுப்பை அணைத்த பின்புகூடப் போடலாம், அந்தச் சூடே போதும். கேரட்டை அரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான சதுரங்களாக நறுக்கினால் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். ஓட்ஸ் மெல்லிய பொருள் என்பதால் பெரிய துண்டுகள் அதோடு ஒட்டாமல் தனியே நிற்கும். பொடியாக நறுக்குவதில் சோம்பல் வேண்டாம்.

காளானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உணவுக்கு ருசி தருவதில் அதற்கு இணை வேறு காய் இல்லை. காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வாணலி நிறையக் குவித்தால் முதலில் 'சர்' என்ற சத்தம் அடங்கி, சாம்பல் நிறத் தண்ணீர் ஊறும். பயந்து அந்த நேரத்தில் எடுத்துவிடுகிறவர்கள்தான் "காளான் ரப்பர் மாதிரி இருக்கிறது" என்பார்கள். விடுங்கள், தண்ணீர் வற்றட்டும். வற்றியதும் சத்தம் மறுபடி மாறும், பொரிகிற சத்தம் கேட்கும். அப்போதுதான் காளான் சுருங்கி, ஓரம் சிவந்து, மணம் எழும். உப்பை அதன் பிறகு போட்டால் போதும்.

உருளைக்கிழங்கை நான் இதில் சேர்ப்பதில்லை. மாவுச்சத்தோடு இன்னொரு மாவுச்சத்து சேர்ந்து கனமாகிவிடுகிறது. பாகற்காய், பீட்ரூட் போன்றவை தங்கள் ருசியையும் நிறத்தையும் மொத்தத்துக்கும் ஏற்றிவிடும். பிடித்தவர்கள் தனியாக வதக்கி மேலே வைத்துக்கொள்ளலாம்.

உறைந்த காய்கறி சேர்க்கலாமா?

தாராளமாக. பனி உருகக் காத்திருக்காமல் நேரே சூடான வாணலியில் போட்டு, தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்குங்கள். ஏற்கெனவே லேசாக வெந்தவை என்பதால் நேரமும் மிச்சம்.

எல்லாம் சரியாகச் செய்தும் சப்பென்று இருக்கிறது. என்ன குறைகிறது?

பெரும்பாலும் புளிப்பு. உப்பு குறைவோ என்று நினைத்து மேலும் உப்பைப் போடுவதற்கு முன் அரை மூடி எலுமிச்சை பிழிந்து ருசித்துப் பாருங்கள். ஓட்ஸ் இயல்பிலேயே லேசான இனிப்பும் மாவுத்தன்மையும் உள்ளது; அதை வெட்டிக் கொடுக்க ஒரு புளிப்பு வேண்டும்.

பால் பொருள் இல்லாதபோது அடியில் நிற்கும் அந்த ஆழமான ருசியையும் நாம்தான் கொண்டுவர வேண்டும். நன்றாகச் சிவந்த காளான், சுண்டவைத்த தக்காளி, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), சோயா சாஸ், நியூட்ரிஷனல் ஈஸ்ட் (உலர்த்திய, உயிரற்ற ஈஸ்ட் செதில்) இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மிசோவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதித்தால் அதன் மணம் போய்விடும். சோயா சாஸ் சேர்த்தால் உப்பைப் பாதியாக்குங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் சாதாரண சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கடைசியாக, மொறுமொறுப்பு. கிண்ணம் முழுக்க மெத்தென்று இருந்தால் நாலு வாய்க்குமேல் அலுத்துவிடும். வறுத்த பூசணி விதை, எள், நிலக்கடலை, பச்சையாகப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், எது வேண்டுமானாலும் பரிமாறும்போது தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் நமுத்துவிடும்.

தண்ணீருக்குப் பதில் தாவரப் பால் ஊற்றலாமா?

பாதித் தண்ணீர், பாதிப் பால் என்றால் நன்றாக இருக்கும். முழுக்கப் பால் வேண்டாம், திகட்டும். இனிப்புச் சேர்க்காத சோயா பால் காரத்துக்கு நன்றாக ஒத்துப்போகும், புரதமும் கூடுதல். தக்காளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் திரியும் என்பதால் புளிப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேருங்கள். ஓட்ஸ் பால் வேண்டாம் என்பேன். சர்க்கரை சேர்க்காததுகூட இனிக்கும். தயாரிக்கும்போது நொதிகள் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்துவிடுகின்றன. தேங்காய்ப்பால் ருசியானது, ஆனால் நிறைகொழுப்பு அதிகம். இரண்டு டேபிள்ஸ்பூன் விட்டாலே மணம் வந்துவிடும்.

முட்டையும் பாலும் இல்லாமல் புரதம் போதுமா?

ஓட்ஸ் மட்டும் என்றால் போதாது. 40 கிராம் ஓட்ஸில் சுமார் 5 கிராம் புரதம்தான். அரை கப் வெந்த கொண்டைக்கடலை சேர்த்தால் இன்னும் 7 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் பூசணி விதையில் ஏறக்குறைய 3 கிராம். மொத்தம் 15 ஆகிவிட்டது. அளவு மட்டும் இல்லை. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறு வகைகளில் அது நிறைய. அதனால் ஏதாவது ஒரு பயறோ, சோயா பாலிலிருந்து செய்யும் டோஃபுவோ சேர்ந்தால்தான் இந்தக் கிண்ணம் முழுமையான உணவு. டோஃபுவைத் துணியில் சுற்றி அழுத்தித் தண்ணீர் எடுத்துவிட்டு, உதிர்த்து, காய்க்கு முன்பே தனியாகச் சிவக்க வதக்குங்கள்.

இரும்புச்சத்து கிடைக்குமா? வைட்டமின் பி12?

40 கிராம் ஓட்ஸில் சுமார் 1.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆனால் ஓட்ஸில் உள்ள பைட்டிக் அமிலம் அதை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். வைட்டமின் சி கூடவே இருந்தால் நிலைமை மேம்படும். சூட்டில் வைட்டமின் சி குறைந்துவிடும் என்பதால் எலுமிச்சையைக் கடைசியில் பிழிவது, சிவப்புக் குடைமிளகாயில் கொஞ்சத்தைப் பச்சையாகவே மேலே தூவுவது இரண்டும் ருசிக்கு மட்டுமல்ல, இதற்கும்தான். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்பு சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பி12 இதில் கிடையாது. முழுக்கத் தாவர உணவு மட்டுமே உண்பவர்கள் பி12 செறிவூட்டிய உணவோ மாத்திரையோ எடுத்துத்தான் ஆக வேண்டும். நியூட்ரிஷனல் ஈஸ்ட் வாங்கும்போது பி12 செறிவூட்டியதா என்று பாக்கெட்டைப் பாருங்கள், எல்லாவற்றிலும் இருக்காது.

கொலஸ்ட்ரால் குறையும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அளவோடு. நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் தொடர்ந்து கிடைத்தால் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு குறைகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-ல், இந்த அடிப்படையில் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நலன் பற்றிய வாசகத்தை அச்சிட அனுமதித்தது. 40 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிராம் இருக்கும். அதாவது காலைக் கிண்ணம் ஒன்றே போதாது, மீதியை வேறு வேளையில் ஓட்ஸோ பார்லியோ தர வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரைக்கு இது மாற்று அல்ல.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆனால் ஓட்ஸும் மாவுச்சத்துதான், 40 கிராமில் சுமார் 27 கிராம் இருக்கிறது. எந்த வகை என்பது இங்கே ரொம்ப முக்கியம்: இன்ஸ்டன்ட் ஓட்ஸ் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும், ஸ்டீல் கட்டும் கனமான ரோல்டு ஓட்ஸும் மெதுவாக. காயும் பயறும் விதையும் சேர்ந்தால் இன்னும் மெதுவாகும். உங்கள் உடலுக்கு எப்படி என்பதைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்வதே நிச்சயம்.

ஓட்ஸில் குளூட்டன் உண்டா?

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஓட்ஸில் கிடையாது. ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமை, பார்லியோடு கலந்துவிட வாய்ப்பு அதிகம். சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள் குளூட்டன் இல்லாதது என்று குறிப்பிட்ட பாக்கெட்டை மட்டுமே வாங்க வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அந்தக் குறிப்புக்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனினே ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

சாப்பிட்டால் வயிறு உப்புசமாகிறது.

நார்ச்சத்து திடீரென்று கூடியதால் இருக்கலாம். கால் கப் ஓட்ஸில் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் அரை கப்புக்கு வாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஆரம்பத்தில் முட்டைகோஸ், ப்ரோக்கோலி, கொண்டைக்கடலை மூன்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா? மைக்ரோவேவில்?

பிரஷர் குக்கர் வேண்டாம். ஓட்ஸ் நுரைத்துப் பொங்கும் பொருள். நுரை மேலேறி ஆவி வெளியேறும் துளையை அடைத்தால் ஆபத்து. ரோல்டு ஓட்ஸ் ஐந்து நிமிட வேலை, அதற்குக் குக்கரும் தேவையில்லை. மைக்ரோவேவ் சரி. ஓட்ஸைப் போல நான்கு மடங்கு கொள்ளும் பாத்திரமாக எடுங்கள், இல்லையென்றால் தட்டு முழுக்க வழிந்துவிடும். காயை மட்டும் அடுப்பில்தான் வதக்க வேண்டும்.

முந்தைய நாளே செய்து வைக்கலாமா?

காயை நறுக்கி, வதக்கி வைப்பதுதான் நல்ல வழி. ஓட்ஸையும் மொத்தமாக வறுத்து டப்பாவில் போட்டுவைத்தால் காலையில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முழுசாகச் செய்ததை வைப்பதென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். குளிர்ந்ததும் கட்டியாக இறுகிப்போகும், கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கால் கப் வெந்நீர் விட்டு, கரண்டியால் மெதுவாக உடைத்து, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். எலுமிச்சையும் தழையும் அப்போது புதிதாக.

பாக்கெட்டில் வரும் மசாலா ஓட்ஸ்?

அவசரத்துக்குச் சரி. வாங்குமுன் பொருள் பட்டியலைப் படியுங்கள். காய்கறிப் படம் போட்டதில்கூடப் பால் பவுடர் இருக்கலாம், உப்பும் கூடுதலாக இருக்கும். உள்ளே கிடக்கும் காய்ந்த கேரட்டும் பட்டாணியும் பேருக்குத்தான். அதே நேரத்தில் நீங்களே செய்துவிடலாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உப்பு, சோயா சாஸ், மிசோ எதுவும் சேர்க்காமல், காயை நன்றாக மசித்து, குழைவாகக் கொடுங்கள். ஐந்து வயதுவரை முழுக் கடலை, முழுக் கொட்டைகள் வேண்டாம், தொண்டையில் சிக்கும், அரைத்துச் சேருங்கள். முழுக் கொண்டைக்கடலையையும் சின்னக் குழந்தைகளுக்கு நசுக்கியே கொடுக்க வேண்டும்.

ஓட்ஸ் கசக்கிறது. தாளிப்பு கருகியதாலா?

பூண்டு கருகியிருந்தாலும் கசக்கும். ஆனால் சமைக்காத ஓட்ஸை இரண்டு இதழ் வாயில் போட்டுப் பாருங்கள், அதுவே கசந்தால் ஓட்ஸ் காறிப்போய்விட்டது. மற்ற பல தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், 100 கிராமில் 6 முதல் 7 கிராம். அந்தக் கொழுப்பை உடைக்கும் நொதியை அடக்கத்தான் ஆலையிலேயே ஆவியில் வேகவைக்கிறார்கள். அப்படியும் பாக்கெட்டைத் திறந்து, வெளிச்சமும் சூடும் படும் இடத்தில், அடுப்புப் பக்கத்து அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் காறல் வரும். காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வையுங்கள். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜில் வைப்பதே மேல். காறிய ஓட்ஸை வறுத்தாலும் சரியாகாது, எவ்வளவு காரம் போட்டாலும் அந்தக் கசப்பு அடியில் தெரியும். புதுப் பாக்கெட் திறந்துவிடுங்கள்.